காசிவரை ஓட்டிச்செல்ல ஒரு பழைய காரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இராமேசுவரத்து மணலைக் கொண்டுபோய்ப் பிரயாகையில் கரைத்துவிட்டு, அங்கிருந்து கங்கை நீரை எடுத்துவந்து இராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்வது நம்மிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். இந்த யாத்திரையைச் சொந்தக் காரில் செய்ய விரும்பும் குடும்பங்கள் இப்போது பெருகியிருக்கின்றன. அதை மனத்தில் வைத்தே செகண்ட் ஹேண்ட் கார் தேடுவோரும் உண்டு. இராமேசுவரத்திலிருந்து மதுரை, சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜபல்பூர், ரீவா, மிர்சாபூர் வழியாகக் காசிக்கு ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். பிரயாகையையும் சேர்த்துப் போய்வந்தால் மொத்தம் 5,000 கிலோமீட்டருக்குக் குறையாது. நகரத்துக்குள் மட்டும் ஓடும் கார் பல மாதங்களில் கடக்கும் இந்தத் தூரத்தை, நான்கைந்து பேரையும் அவர்களுடைய சுமையையும் ஏற்றிக்கொண்டு இரண்டு வாரங்களில் கடந்தாக வேண்டும். ஆகவே, அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் போய்வர வாங்கும் காரில் பொறுத்துக்கொள்ளக்கூடிய பல குறைகளை இந்தக் காரில் பொறுத்துக்கொள்ள முடியாது. அதேபோல, அங்கே பெரிதாகத் தோன்றும் சில குறைகளை இங்கே தயங்காமல் ஒதுக்கிவிடலாம்.

வழி எதைக் கேட்கிறது?

கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில்தான் இந்தப் பயணத்தின் பெரும்பகுதி அமைகிறது. மதுரையில் அதில் ஏறினால், நாக்பூரைக் கடந்து மத்தியப் பிரதேசத்தின் லக்னாதோனில்தான் அதைவிட்டு விலகி ஜபல்பூரை நோக்கித் திரும்புகிறோம். நான்கு வழிச் சாலை என்பதால் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் பல மணி நேரம் இடைவிடாமல் ஓட்ட நேரிடும். கோடைகாலத்தில் நாக்பூரைச் சூழ்ந்த விதர்பா பகுதியில் வெயில் 45 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் போனால் உத்தரப் பிரதேசத்தில் அடர்ந்த மூடுபனியில் ஓட்ட வேண்டியிருக்கும். ஆதிலாபாத்தை அடுத்த பகுதியிலும், நாக்பூருக்கும் சிவனிக்கும் இடையே பெஞ்ச் காட்டை ஒட்டிய பகுதியிலும் வண்டி நின்றுவிட்டால் உதவி வந்துசேர நேரம் பிடிக்கும்.

இவற்றைக் கணக்கிட்டால், இன்ஜினைக் குளிர்விக்கும் அமைப்பு, டயர், பிரேக், வீல் பேரிங், பேட்டரியும் அதற்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரும் ஆகியவையே முதலில் பார்க்க வேண்டியவை என்பது விளங்கும். பம்பரில் உள்ள கீறலும், மங்கிப்போன பெயின்டும், வேலை செய்யாத பாட்டுப்பெட்டியும் விலையைக் குறைத்துக் கேட்பதற்குப் பயன்படுமே தவிர, காரை வேண்டாமென்று தள்ளுவதற்குக் காரணமாகா. பளபளப்பாகப் பாலிஷ் போட்டு நிறுத்தப்பட்டிருக்கும் காரைவிட, தூசி படிந்து, ஆனால் சர்வீஸ் ரசீதுகள் அனைத்தையும் ஒரு கோப்பில் வைத்திருப்பவரின் காரையே நான் முதலில் பார்ப்பேன்.

எந்தக் காரைத் தேடலாம்?

நெடும்பயணத்தில் நம்பகமான கார் என்பது பழுதாகாத கார் மட்டுமன்று. பழுதானால் ஆதிலாபாத்திலோ கட்னியிலோ உள்ள ஒரு சாதாரண மெக்கானிக் பார்த்துச் சரிசெய்யக்கூடிய காராகவும் அது இருக்க வேண்டும். மாருதி, ஹூண்டாய், டாடா, மஹிந்திரா, டொயோட்டா ஆகியவற்றின் அதிகம் விற்பனையான மாடல்களுக்கு இந்த வழி நெடுக உதிரிபாகம் கிடைக்கும். செவர்லே 2017ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்திக்கொண்டது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. இந்நிறுவனங்களின் கார்கள் பழைய கார் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன; அவற்றில் ஓட்டுவதற்கு மிக நல்லவையும் உண்டு. ஆனால் ஒரு சென்சாருக்காகவோ இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் செல்லும் ஒரு குழாய்க்காகவோ வழியில் இரண்டு நாள் லாட்ஜில் காத்திருக்க நேர்ந்தால், விலையில் மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துவிடும்.

நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு, டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் இன்ஜினும் மேனுவல் கியரும் உள்ள ஒரு ஹேட்ச்பேக் அல்லது சிறிய செடான் போதுமானது என்பது என் கருத்து. கெட்டுப்போகக்கூடிய பாகங்கள் அதில் குறைவு. ஆறேழு பேர் செல்வதானால், மூன்றாவது வரிசை இருக்கையை விரித்த பிறகு பெட்டி வைக்க இடம் மிஞ்சுகிறதா என்பதை நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். பல ஏழு இருக்கைக் கார்களில் மிஞ்சாது. டாக்ஸிக்காரர்கள் இன்னோவாவை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அதே காரணத்தால் அதன் பழைய வண்டிகளில் அளவுக்கு மீறி ஓடியவையும் அதிகம்.

டீசல் காரில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஃபியட் நிறுவனத்தின் 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் பொருத்தப்பட்ட ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா போன்றவற்றை நாட்டின் எந்த மூலையிலும் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர் இருப்பார்; ஆயினும் 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் கார்களை விட்டுவிட்டதால், இப்போது கிடைப்பவை எல்லாம் வயதானவை. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த, பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைத்து எரிக்கும் வடிகட்டி உண்டு. நகர நெரிசலில் மட்டுமே ஊர்ந்துகொண்டிருந்த காரில் அந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் ஓடிய காரில் அது தன்னைத் தானே சுத்தப்படுத்திக்கொள்ளும். ஆகவே, பி.எஸ். 6 டீசல் காரை விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, அவர் அதைத் தினமும் எங்கே ஓட்டினார் என்பதைத்தான்.

ஆட்டோமேட்டிக் கியர் வேண்டுமென்றால், கியர் ஆயில் மாற்றியதற்கான பதிவு உள்ள டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினின் விசையை எண்ணெய் வழியாகக் கியருக்குக் கடத்தும்) வகையைத் தேடலாம். இரட்டை கிளட்ச் வகை ஓட்டுவதற்குச் சுகமானது; ஆனால் அதில் கோளாறு வந்தால் பெருநகரத்துக்கு வெளியே அதைத் தொடக்கூடியவர்கள் குறைவு.

காரின் வயதைப் பொறுத்தவரை, 2019ஆம் ஆண்டின் பிற்பகுதியிலோ அதற்குப் பின்னரோ தயாரானதைத் தேடுவது நல்லது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் எல்லாக் கார்களுக்கும், அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும், ஜூலை முதல் ஓட்டுநர் ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, வேக எச்சரிக்கை ஆகியவையும் கட்டாயமாயின. இன்னொன்று: இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பிந்தைய கார்கள் அதற்கேற்ப அமைக்கப்பட்டவை. அதற்கு முந்தைய காரானால் மைலேஜ் சற்றுக் குறையும் என்பதோடு, பெட்ரோல் குழாய்களிலும் ரப்பர் வாஷர்களிலும் வெடிப்போ கசிவோ இருக்கிறதா என்று பார்த்து, வேண்டுமானால் மாற்றிவிட வேண்டும்.

ஓடாத காரும் ஓடிய காரும்

பழைய கார் விளம்பரங்களில், ‘சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி, 28,000 கிலோமீட்டர்தான் ஓடியது’ என்ற வரியைப் பார்க்காதவர் இருக்க முடியாது. அந்த விளம்பரங்களில் வரும் டாக்டர்களின் எண்ணிக்கையைப் பார்த்தால், நம் ஊரில் மருத்துவருக்குப் பஞ்சமே இருந்திருக்கக் கூடாது. உண்மையாகவே குறைவாக ஓடிய காராக இருந்தாலும், நெடும்பயணத்துக்கு அது சிறந்தது என்று சொல்லிவிட முடியாது. எட்டு ஆண்டுகளில் 28,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய கார், பெரும்பாலான நாள்களை ஷெட்டில் நின்றே கழித்திருக்கும். நிற்கும் காரில் டயர் இறுகுகிறது. ரப்பர் சீல்கள் காய்கின்றன. பிரேக் கட்டைகளை டிஸ்க்கின்மீது அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் துருப்பிடித்து இறுகிக்கொள்கிறது. கூலன்ட் பழசாகி ரேடியேட்டரை அரிக்கிறது. எலி வயரைக் கடிக்கிறது. இவை வீட்டிலிருந்து கோயிலுக்குப் போய்வரும்போது தெரியாது. கர்னூலைத் தாண்டி வெயிலில் ஐந்தாவது மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

அதே வயதில் 80,000 அல்லது 90,000 கிலோமீட்டர் ஓடி, அதில் பெரும்பகுதியை நெடுஞ்சாலையில் கடந்து, ஒவ்வொரு சர்வீஸும் உரிய காலத்தில் செய்யப்பட்ட கார் கிடைத்தால் அதையே நான் எடுப்பேன். சராசரியாக ஆண்டுக்குப் பத்தாயிரம் முதல் பதினைந்தாயிரம் கிலோமீட்டர் என்பது இயல்பான ஓட்டம். அதற்கு மிகக் குறைந்தாலும் மிக அதிகமானாலும் காரணம் கேட்க வேண்டும். சொல்லப்படும் காரணத்துக்குக் காகிதச் சான்றும் வேண்டும்.

ஏனெனில் ஓடோமீட்டரைத் திருத்துவது கடினமான வேலையன்று. அதில் தெரியும் எண்ணை மற்றத் தடயங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே வழி. காரின் எண்ணைச் சொல்லி அந்நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் விசாரித்தால், ஒவ்வொரு முறை வண்டி உள்ளே வந்தபோதும் பதிவான கிலோமீட்டர் அவர்களிடம் இருக்கும். உரிமையாளரையும் உடனழைத்துச் சென்றால் காட்டிவிடுவார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் 74,000 என்று பதிவான கார் இன்று 52,000 என்று காட்டினால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. சர்வீஸ் பதிவே இல்லையென்றால், கிளட்ச், பிரேக் பெடல்களின் ரப்பர், ஸ்டீயரிங்கின் மேற்பரப்பு, ஓட்டுநர் இருக்கையின் வலப்பக்க ஓரம் ஆகியவற்றைப் பாருங்கள். 30,000 கிலோமீட்டர் ஓடிய காரில் பெடல் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்காது. தேய்ந்ததை மறைக்கப் புத்தம் புதிய ரப்பர் மாட்டியிருந்தால் அதுவும் ஒரு தடயமே.

டி-போர்டாக ஓடி, பிறகு ஓன்-போர்டாக மாற்றப்பட்ட கார்களும் சந்தையில் நிறைய உண்டு. நம்பர் பிளேட்டை மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு மாற்றியது சட்டப்படி சரியான செயலாகவே இருக்கலாம். விற்பவர் அதைச் சொல்லாமல் மறைப்பதுதான் குற்றம். பழைய இன்ஷூரன்ஸ் பத்திரங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், வண்டி வாடகைக்கு ஓடிய காலம் அவற்றில் தெரிந்துவிடும்.

வெள்ளமும் விபத்தும்

2015 டிசம்பரில் சென்னையில் வந்த வெள்ளம், 2018இல் கேரளத்தில் வந்த வெள்ளம், 2023 டிசம்பரின் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல், அதே மாதத்தின் நடுவில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை மூழ்கடித்த மழை என ஒவ்வொன்றுக்குப் பிறகும் நீரில் நின்ற கார்கள் ஆயிரக்கணக்கில் கழுவித் துடைக்கப்பட்டு, வேறு மாவட்டங்களுக்கும் மாநிலங்களுக்கும் விற்பனைக்குச் சென்றன. நெடும்பயணத்துக்கு எந்தச் சூழலிலும் எடுக்கக் கூடாத கார் எது என்று கேட்டால், விபத்தில் சிக்கிய காரைவிட வெள்ளத்தில் மூழ்கிய காரையே முதலில் சொல்வேன். வளைந்த கதவை நேராக்கலாம். வயரிங் இணைப்புகளுக்குள் மெல்ல மெல்லப் பரவும் பச்சைத் துருவை எவராலும் முழுமையாக நீக்க முடியாது. அது எப்போது, எங்கே இன்ஜினை நிறுத்தும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது.

அடையாளங்கள் இவை. சீட் பெல்ட்டை முடிவுவரை வெளியே இழுத்துப் பாருங்கள். வழக்கமாகச் சுருளுக்குள் மறைந்திருக்கும் கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை படிந்திருக்கலாம். முன் இருக்கைகளை முன்னும் பின்னும் தள்ளி, அவற்றின் தண்டவாளத்திலும் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளிலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மூலையில் கார்ப்பெட்டைத் தூக்கி, அதன் அடியிலுள்ள பஞ்சைத் தொட்டு முகர்ந்து பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியையும், டேஷ்போர்டுக்கு அடியில் ஃபியூஸ் பெட்டியின் பின்புறத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள்; நுண்ணிய வண்டல் தங்கும் இடங்கள் அவை. காருக்குள் ஏறியதும் வாசனைத் திரவியத்தின் நெடி மூக்கைத் துளைத்தால் எதை மறைக்க அது தெளிக்கப்பட்டது என்று கேளுங்கள். பதிவு எண் திருநெல்வேலியுடையதாக இருந்து கார் கோயம்புத்தூரில் விற்கப்படுவது தவறன்று. ஆனால் 2024இல் கைமாறிய கார் என்றால் இந்தச் சோதனைகளில் ஒன்றையும் விடக் கூடாது. இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் இதற்கு முன் பெற்ற இழப்பீட்டு விவரத்தை உரிமையாளர் வழியாகக் கேட்டுப் பெறுவதும் நல்லது.

விபத்துக்குள்ளான கார் என்றதும் ஓடிவிட வேண்டியதில்லை. பம்பரும் ஃபெண்டரும் கதவும் டிங்கரிங் பார்க்கப்படாத கார் நம் ஊர்களில் அரிது. பார்க்க வேண்டியது, அடி எலும்புவரை சென்றதா என்பதே. பானெட்டைத் திறந்து, இன்ஜின் அறையின் இருபுறச் சுவர்களாக உள்ள ஏப்ரன் தகடுகளில் தொழிற்சாலையின் சீரான புள்ளி வெல்டிங் இருக்கிறதா, அல்லது கையால் பற்றவைத்து மேலே பெயின்ட் பூசியிருக்கிறதா என்று பாருங்கள். கதவுகளின் ரப்பர் பீடிங்கை லேசாக இழுத்துவிட்டு, கூரையைத் தாங்கும் தூண்களான பில்லர்களின் விளிம்பையும் அவ்வாறே சோதிக்கலாம். கண்ணாடிகள் ஒவ்வொன்றிலும் தயாரிப்பு ஆண்டைக் குறிக்கும் முத்திரை இருக்கும். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கத்தைக் கூர்ந்து பாருங்கள். தகடு இருக்க வேண்டிய இடத்தில் காந்தம் ஒட்டாவிட்டால் அங்கே தடிமனாகப் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று பொருள். ஏப்ரன், பில்லர், சேசிஸ் ஆகியவற்றில் கை வைத்த கார் நேராக ஓடாது, டயரைத் தின்னும். மீண்டும் ஒரு மோதல் நேர்ந்தால் உள்ளே இருப்பவர்களைக் காக்கும் என்றும் நம்ப முடியாது.

இன்ஜினைக் குளிரிலும் சூட்டிலும் பார்ப்பது

காரைப் பார்க்கப் போகும் நாளில் காலை வேளையையே கேளுங்கள். வரும்வரை இன்ஜினை இயக்க வேண்டாமென்றும் சொல்லிவையுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் எழும் ஏதோவொரு ஓசையை அல்லது புகையை உங்களுக்குக் காட்ட விரும்பவில்லை என்று கொள்ளலாம். முதல் முறை இயக்கும்போது நீங்கள் சைலன்சருக்குப் பின்னால் நில்லுங்கள். நீல நிறப் புகை, ஆயில் எரிவதைக் காட்டும். குளிர்காலக் காலையில் சிறிது நேரம் வரும் வெண்புகை நீராவிதான். ஆனால் இன்ஜின் சூடான பின்னும் நிற்காமல் வரும் வெண்புகை, கூலன்ட் உள்ளே கசிவதைக் காட்டும். டீசல் காரில் வேகமெடுக்கும்போது மெல்லிய கரும்புகை பொறுக்கத்தக்கது. கெட்டியாக வந்தால் இன்ஜெக்டரோ டர்போவோ வேலை கேட்கிறது.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியை மெல்லத் திறந்து பார்ப்பதை நம் மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ பார்ப்பது என்பார்கள். அங்கிருந்து காற்றும் புகையும் விட்டுவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தால், பிஸ்டன் ரிங்கும், பிஸ்டன் ஓடும் துளையான போரும் தேய்ந்துவிட்டன. இன்ஜினைப் பிரிக்க வேண்டிய நாள் நெருங்குகிறது. மூடியின் உட்புறத்தில் பால் ஆடை போன்ற படலம் திரண்டிருந்தால், ஆயிலோடு தண்ணீர் கலக்கிறதா, இன்ஜின் தலைப்பகுதியின் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் போயிற்றா என்று ஆராய வேண்டும்.

இந்தப் பயணத்தில் கார்களை அதிகமாக நிறுத்திவைப்பது சூடேறுதல்தான் என்பதால், கூலன்ட் தொடர்பான சோதனையில் அவசரம் காட்டாதீர்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் டப்பாவைத் திறந்து பாருங்கள். நிறுவனம் சொல்லும் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டும். துருநிறமாகவோ, வெறும் குழாய்த் தண்ணீராகவோ, எண்ணெய் மிதப்பதாகவோ இருக்கக் கூடாது. வெறும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்றால், பெரும்பாலும் எங்கோ கசிகிறது, அதை நிரப்பி நிரப்பி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அறியலாம். பிறகு நன்றாக ஓட்டிவிட்டு வந்து, நண்பகல் வெயிலில், ஏ.சி.யை முழுதாகப் போட்டுக் கால் மணி நேரம் நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் தவறாமல் சுழல வேண்டும், சூடுகாட்டும் முள் நடுவைத் தாண்டக் கூடாது, ஏ.சி.யின் குளிர் குறையக் கூடாது. சூடான நிலையில் ரேடியேட்டர் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்.

வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் இயங்கவைக்கும் டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினானால், அது கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் ஒன்றோடொன்று மோதி, பல இன்ஜின்கள் சரிசெய்ய முடியாத நிலைக்குப் போய்விடும்.

தெருவைச் சுற்றிவருவதை டெஸ்ட் டிரைவ் என்று ஏற்காதீர்கள். குறைந்தது முப்பது கிலோமீட்டராவது, அதில் பாதியாவது நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எரிபொருள் செலவை நீங்களே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் நேர்மையான உரிமையாளர் மறுக்கமாட்டார். நான்காவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள். இன்ஜினின் சுழற்சி மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் முடிந்துவிட்டது. எண்பதில் எழும் ஊளை போன்ற ஓசை வேகத்தோடு கூடிக்கொண்டே போனால், அது வீல் பேரிங்காகவோ தேய்ந்த டயராகவோ இருக்கும். பின்னால் வண்டி வராத இடத்தில் அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. ஒரு பக்கம் இழுத்தால் காலிப்பர் இறுகியிருக்கிறது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வேகத்தடைகளின் மீது மெதுவாக ஏறி இறங்கி, சக்கரத்தை உடலோடு இணைக்கும் சஸ்பென்ஷன் பாகங்களான லோயர் ஆர்ம், லிங்க் ராடு ஆகியவற்றின் தடதடப்பைக் கேளுங்கள். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துக்கொண்டு வட்டமடிக்கும்போது ‘டக் டக்’ என்ற ஒலி வந்தால் டிரைவ் ஷாஃப்ட் மூட்டு தேய்ந்திருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை சில ஆயிரங்களில் சரியாகக் கூடியவை. அவற்றுக்காகக் காரை நிராகரிக்க வேண்டாம், பட்டியலிட்டு விலை பேசுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2321 என்றிருந்தால், 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். ஐந்து ஆண்டுகளைத் தாண்டிய டயர், பட்டன் (தரையில் படும் பகுதியின் வரிப்பள்ளம்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் இந்தப் பயணத்துக்கு ஆகாது. சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர், மழையிலும் ஓட்ட வேண்டியிருப்பதால் அதைப்போல் இரண்டு மடங்குக்குக் குறைவான டயரோடு புறப்படாதீர்கள். ஸ்டெப்னிக்கும் இதே அளவுகோல்தான்.

முடிவெடுக்கும் முன், விற்பவருக்கோ புரோக்கருக்கோ தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்குக்குக் கூலி கொடுத்து, வண்டியைத் தூக்கி நிறுத்தி அடிப்பாகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேனர் மாட்டி, பதிவாகியிருக்கும் பிழைக் குறியீடுகளையும் எடுக்கச் சொல்லுங்கள். குறியீடுகள் அண்மையில் அழிக்கப்பட்டிருந்தால், காரின் சுயபரிசோதனைகள் இன்னும் முடியவில்லை என்று ஸ்கேனரே காட்டும். எச்சரிக்கை விளக்கை அணைத்துவிட்டு விற்கவந்தவரைப் பிடிக்க இதைவிட எளிய வழி இல்லை.

ஆவணங்கள்

நல்ல காராகவே இருந்தாலும், வேறொருவர் பெயரில் உள்ள காரில் மாநில எல்லைகளைக் கடப்பது தேவையற்ற தொல்லை. மத்திய அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாஹனில் பதிவு எண்ணைக் கொடுத்து, ஆர்.சி.யில் உள்ள பெயர், தயாரிப்பு ஆண்டு, எரிபொருள் வகை, கடன் பதிவு, செலுத்தப்படாத அபராதங்கள் ஆகியவற்றைப் பாருங்கள். சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் உங்கள் கண்ணால் படித்து ஒப்பிடுங்கள். கடன் பதிவு இருந்தால், வங்கியின் தடையின்மைச் சான்றும் கடன் பதிவை நீக்குவதற்கான, கையொப்பமிட்ட படிவம் 35உம் கைக்கு வரும்வரை முழுத் தொகையையும் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29உம் 30உம் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டப்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாள்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, ‘எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்லும் புரோக்கரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

புதுச்சேரி அல்லது கர்நாடகப் பதிவுள்ள கார் மலிவாகத் தோன்றும். படிவம் 28 வழியாக அங்கிருந்து தடையின்மைச் சான்று பெற்று, இங்கே வரி கட்டி மறுபதிவு செய்யும் செலவையும் காலத்தையும் கூட்டிப் பார்த்தால் அந்த மலிவு பெரும்பாலும் மறைந்துவிடும். பயண நாள் குறித்தாகிவிட்டதென்றால் இத்தகைய காரைத் தொடவே வேண்டாம்.

பலரும் கோட்டைவிடுவது இன்ஷூரன்ஸில்தான். கார் கைமாறும்போது மூன்றாம் தரப்புக்கான பாதுகாப்பு காரோடு சேர்ந்தே வந்துவிடும். ஆனால் உங்கள் காருக்கு நேரும் சேதத்துக்கான பாதுகாப்பு, 14 நாள்களுக்குள் விண்ணப்பித்துப் பத்திரத்தை உங்கள் பெயருக்கு மாற்றினால்தான் தொடரும். முந்தையவர் பெற்றுவந்த நோ கிளெய்ம் போனஸ் அவருக்கு உரியது, காருக்கு உரியதன்று. ஆகவே அந்த வித்தியாசத் தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

காசியிலிருந்து தில்லிக்கும் போய்வரும் எண்ணம் இருந்தால், அங்கே பத்தாண்டுகளைக் கடந்த டீசல் கார்களுக்கும் பதினைந்தாண்டுகளைக் கடந்த பெட்ரோல் கார்களுக்கும் உள்ள கட்டுப்பாட்டை மறக்காதீர்கள். நீதிமன்ற உத்தரவுகளால் அதன் நடைமுறை மாறிக்கொண்டே வருவதால், புறப்படும் காலத்து நிலவரத்தை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வாங்கிய பிறகு

பயணத்துக்கு ஒன்றரை மாதம் முன்னதாகவாவது கார் கைக்கு வந்துவிட வேண்டும். காரின் விலையில் பத்தில் ஒரு பங்கை வாங்கியபின் செய்யும் வேலைகளுக்கென்று ஒதுக்கிவிட்டே விலை பேசுங்கள். முந்தைய உரிமையாளர் ‘இப்போதுதான் மாற்றினேன்’ என்று சொன்னாலும், இன்ஜின் ஆயில், எல்லா ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில், ஃபேன் பெல்ட், வைப்பர் ரப்பர் ஆகியவற்றை மாற்றிவிடுவது நல்லது. தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் குழாய்களும் பழையவையானால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியின் முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட்வரை பெரும்பாலான கார்களில் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். பேட்டரிக்கு நான்கு வயதாகியிருந்தால் ஆராய்ச்சியே தேவையில்லை, புதிதாக வாங்கிவிடுங்கள்.

வேலைகள் முடிந்ததும் ஆயிரம் கிலோமீட்டராவது உள்ளூரிலேயே ஓட்டுங்கள். அதில் ஒரு மலையும் இருக்கட்டும். மதுரைக்காரர்களுக்கு வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் இருக்கிறது. சேலத்துக்காரர்களுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு ஏற்காடு இருக்கிறது. பயணத்தில் போகப்போகும் அத்தனை பேரையும் பெட்டிகளோடு ஏற்றிக்கொண்டு, ஏ.சி.யைப் போட்டபடி ஏறிப் பாருங்கள். ஏறும்போது கூலிங்கும் கிளட்சும், இறங்கும்போது பிரேக்கும் தங்கள் உண்மை நிலையைக் காட்டிவிடும். மறுநாள் காலை கூலன்ட், ஆயில் அளவுகளைப் பார்த்துக் குறித்துவையுங்கள். வண்டி நின்ற இடத்தில் சொட்டு விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்குள் கூலன்ட் குறைந்திருந்தால், காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புறப்படக் கூடாது. அதேபோல, புறப்படும் வாரத்தில் புதிய வேலை எதையும் செய்யாதீர்கள். இறுக்க மறந்த ஒரு கிளிப் வீட்டு வாசலில் கழன்றால் ஃபோன் செய்தால் போதும், நிஜாமாபாத்தில் கழன்றால் அப்படியன்று.

ஜாக்கி, வீல் ஸ்பேனர், காற்றடிக்கும் சிறு பம்ப், உதிரி ஃபியூஸ்கள், ஹெட்லைட் பல்பு, ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில், இரண்டு லிட்டர் கலந்த கூலன்ட் ஆகியவை வண்டியில் இருக்க வேண்டும். அலாய் சக்கரமாக இருந்தால், ஒவ்வொன்றிலும் ஒரு திருட்டுத் தடுப்பு நட் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதற்குரிய தனிச் சாவியை விற்றவர் தர மறந்திருந்தால் பஞ்சரான சக்கரத்தைக் கழற்றவே முடியாது. காரை எடுக்கும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஃபாஸ்டாக் பழைய உரிமையாளரின் கணக்கோடு இணைந்திருக்கும். அதை அவரே மூடவேண்டும், பிறகே உங்கள் பெயரில் புதியதைப் பெற முடியும். தனியார் கார்களுக்கான ஆண்டு பாஸ் 2025 ஆகஸ்ட் 15இல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமானது. ஓராண்டு அல்லது 200 முறை, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் அது செல்லும். காசிக்குப் போய்வரும் வழியில் உள்ள சாவடிகளைக் கணக்கிட்டால், இந்த ஒரே பயணத்தில் அதன் விலை திரும்பிவிடும். அந்தப் பாஸ் குறிப்பிட்ட வண்டி எண்ணோடும் அதன் ஃபாஸ்டாகோடும் பிணைக்கப்படுவது, வேறொன்றுக்கு மாற்ற முடியாதது என்பதால், ஆர்.சி. உங்கள் பெயருக்கு வந்து புதிய ஃபாஸ்டாக் ஒட்டிய பிறகே அதை வாங்குங்கள்.